ரேங்கிங்கில் பெயர் இல்லாத பையன்: கல்லூரி கூடைப்பந்துக்குத் தேறுவானா என்று பார்ப்பது எப்படி?

"சார், நீங்க ஒரு தடவை வந்து பாருங்களேன். இவனை எந்தக் காலேஜாவது எடுக்குமா?"

அமெரிக்காவில் பல குளிர்காலங்களைப் பள்ளி ஜிம் பெஞ்சுகளில் கழித்தவன் என்பதால் எனக்கு இந்த அழைப்பு அவ்வப்போது வரும். பையன் பதினொன்றாம் வகுப்பில் இருப்பான். ஆட்டத்துக்கு 20 புள்ளி எடுப்பான். ஆனால் ரேங்கிங் தளங்களில் தேடினால் அவன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம்கூட இருக்காது, பாதி நேரம் பெயரே இருக்காது. அப்பாவுக்குக் குழப்பம். ஊரே புகழ்கிறது, கோச்சுகள் யாரும் கூப்பிடவில்லையே, எது உண்மை?

இரண்டுமே உண்மையாக இருக்கலாம். இப்படிப்பட்ட ஒரு பையனை நீங்களே எப்படி எடைபோடுவது என்று எனக்குத் தெரிந்த வரிசையில் சொல்கிறேன். ஆண்கள் ஆட்டத்தை மட்டும்தான் சொல்கிறேன். பெண்கள் பக்கம் சந்தையும் விதிகளும் கொஞ்சம் வேறு.

தொடங்கும் முன் ஒரு கணக்கு. அமெரிக்கப் பள்ளி அணிகளில் கூடைப்பந்து ஆடும் பையன்கள் ஐந்து லட்சத்துக்கும் மேல். அவர்களில், கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் ஏதாவது ஒரு பிரிவில் ஆடப் போகிறவர்கள் நூற்றுக்கு மூன்று நான்கு பேர். அதன் மேல் பிரிவான டிவிஷன் 1 என்றால் நூற்றுக்கு ஒருவர். ஆகவே "எடுக்குமா?" என்று கேட்பதைவிட, "எந்தப் படிநிலையில் இருக்கும் அணிக்கு இவன் எதற்காகத் தேவைப்படுவான்?" என்று கேளுங்கள். இதற்குக் கிடைக்கும் பதில் ஒரு பட்டியலாக இருக்கும். முதல் கேள்விக்கு வெறும் பெருமூச்சுதான் கிடைக்கும்.

ஏன் யார் கண்ணிலும் படவில்லை?

இதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 247 ஸ்போர்ட்ஸ், ரைவல்ஸ், இ.எஸ்.பி.என். போன்றவை தரும் நட்சத்திரங்கள் திறமையை அளப்பதோடு இன்னொன்றையும் அளக்கின்றன: பையன் எங்கே ஆடினான், யார் பார்த்தார்கள் என்பதை. கோடைக்காலத்தில் ஷூ கம்பெனிகள் நடத்தும் சுற்றுகள் இருக்கின்றன. நைக்கின் இ.ஒய்.பி.எல்., அடிடாஸின் 3எஸ்.எஸ்.பி., அண்டர் ஆர்மரின் சுற்று. மதிப்பீட்டாளர்களும் பெரிய கல்லூரி கோச்சுகளும் கூடுவது அங்கேதான். அங்கே ஆடாத பையன் பெரும்பாலும் கணக்கிலேயே வருவதில்லை.

ஜா மொராண்டின் கதை இதற்கு நல்ல உதாரணம். தென் கரோலினாவின் ஒரு சின்ன ஊர்ப் பையன். பின்னாளில் பெரிய நட்சத்திரமான சயான் வில்லியம்சன் ஆடிய அதே கோடைக்கால அணியில் ஆடியும் பெரிய கல்லூரிகள் கண்டுகொள்ளவில்லை. 2016 கோடையில் ஒரு முகாமுக்கு வேறொரு பையனைப் பார்க்க வந்திருந்தார் மரே ஸ்டேட் கல்லூரியின் துணை கோச். பசிக்கு ஏதாவது வாங்கலாம் என்று எழுந்து போனவர், பக்கத்துச் சின்ன ஜிம்மில் பந்து சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார். மூன்றுக்கு மூன்று ஆடிக்கொண்டிருந்த பையன்களில் ஒருவன் மொராண்ட். மூன்று வருடம் கழித்து, தொழில்முறை லீகான என்.பி.ஏ. புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் இரண்டாவதாக எடுக்கப்பட்டான். அந்தத் துணை கோச்சுக்குப் பசிக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

ஆனால் ஒவ்வொரு பையனும் மொராண்ட் இல்லை. அதனால்தான் காரணத்தைத் தோண்ட வேண்டும். தாமதமாக உயரம் வந்ததா? அடிபட்டு ஒரு சீசன் போனதா? கோடை முழுக்கக் கால்பந்தா, வேலையா? ஊர் ஊராகப் போய் ஆடும் கோடைக்கால டிராவல் டீமுக்குக் கட்டப் பணம் இல்லையா? இதில் ஏதாவது ஒன்று என்றால் அவன் உண்மையிலேயே பார்க்கப்படாதவன், நம்பிக்கையோடு மேலே போகலாம். இரண்டு கோடையாகப் பெரிய சுற்றில் ஆடி, நூறு கோச்சுகள் நேரில் பார்த்தும் ஒருவரும் அழைக்கவில்லை என்றால் அது வேறு கதை. எல்லோருக்கும் எது பிடிக்கவில்லை என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். "பாலிடிக்ஸ்" என்று அப்பாக்கள் சொல்வார்கள். சில சமயம் அது உண்மைதான், பல சமயம் இடது கையால் பந்தைத் தட்டிக்கொண்டு போகத் தெரியாது என்பதுதான் உண்மை.

படிநிலைகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

டிவிஷன் 1 என்பது ஒரே மாதிரியான ஒன்று இல்லை. 360க்கும் மேற்பட்ட அணிகள், கான்ஃபரன்ஸ் என்ற குழுக்களாகப் பிரிந்து ஆடுகின்றன. எஸ்.இ.சி., பிக் டென், பிக் 12, ஏ.சி.சி., பிக் ஈஸ்ட் ஒரு தரம். அட்லாண்டிக் 10, மவுண்டன் வெஸ்ட் போன்றவை அடுத்தது. பிக் ஸ்கை, ஓஹையோ வேலி, பேட்ரியட் லீக் போன்றவை அதற்கும் கீழே. நீங்கள் பார்க்கும் பையன் டிவிஷன் 1 தேறினால், பெரும்பாலும் இந்தக் கடைசித் தட்டில்தான் தேறுவான். அதில் ஒன்றும் குறைவில்லை. டேமியன் லில்லர்ட் பிக் ஸ்கையில் இருக்கும் வீபர் ஸ்டேட்டில் ஆடித்தான் 2012 என்.பி.ஏ. டிராஃப்டில் ஆறாவதாக எடுக்கப்பட்டார். சி.ஜே. மெக்காலம் பேட்ரியட் லீக்கின் லீஹையில் ஆடி, அதே 2012இல் ட்யூக் என்ற பெரிய கல்லூரி அணியைத் தோற்கடித்தார்.

அடுத்தது டிவிஷன் 2. இங்கே ஒரு முழு ஸ்காலர்ஷிப்பைப் பிய்த்துப் பல பேருக்குப் பகிர்ந்து கொடுப்பார்கள். டிவிஷன் 3இல் விளையாட்டு ஸ்காலர்ஷிப்பே கிடையாது, ஆனால் படிப்புக்கான உதவித்தொகையும் குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தரும் உதவியும் உண்டு. ஐவி லீக் டிவிஷன் 1தான் என்றாலும் அங்கும் விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப் இல்லை. இவற்றுக்கு வெளியே என்.ஏ.ஐ.ஏ. என்ற வேறொரு அமைப்பின் கல்லூரிகளும் இரண்டு வருட ஜூனியர் கல்லூரிகளும் இருக்கின்றன. ஜிம்மி பட்லர் டெக்சஸில் ஒரு ஜூனியர் கல்லூரியில் ஒரு வருடம் ஆடிவிட்டுத்தான் மார்க்கெட் (Marquette) பல்கலைக்கழகத்துக்குப் போனார்.

நம்மவர்கள் பலரும் டிவிஷன் 3 என்றால் உதட்டைப் பிதுக்குவார்கள். ஒரு டிவிஷன் 3 ஆட்டத்தை நேரில் போய்ப் பார்த்துவிட்டு அப்புறம் பேசுங்கள். அங்கே ஆடும் ஒவ்வொருவனும் அவனவன் பள்ளியில் ராஜாவாக இருந்தவன்.

டேப்பை எடுத்து அளங்கள்

பள்ளி அணிப் பட்டியலில் இருக்கும் உயரத்தை நம்பாதீர்கள். ஷூவைக் கழற்றச் சொல்லி நீங்களே அளங்கள். "6 அடி 4" என்று அச்சிட்டவன் 6 அடி 2 ஆகச் சுருங்குவது சகஜம். அடுத்து, சுவரில் முதுகை ஒட்டி நிற்க வைத்து, இரண்டு கைகளையும் விரித்து, நடுவிரல் நுனியிலிருந்து நுனி வரை அளக்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு இது உயரத்தை ஒட்டியே இருக்கும். நான்கு ஐந்து அங்குலம் கூடுதலாக இருந்தால் குறித்து வையுங்கள். கைநீளம் உயரத்தின் குறையை ஈடுகட்டும். பாஸைத் தட்டிவிடவும், பெரியவன் தலைக்கு மேல் பந்தைப் போடவும் உதவுவது அதுதான்.

பிறந்த தேதியைக் கேளுங்கள். ஒரே வகுப்பில் 16 வயதுக்காரனும் 18 வயதுக்காரனும் இருப்பார்கள். சிலர் வேண்டுமென்றே ஒரு வருடம் பின்தங்கிப் படிப்பார்கள். 18 வயதில் மீசையோடு சின்னப் பையன்களை இடித்துத் தள்ளி 25 புள்ளி எடுப்பவனையும், 16 வயதில் ஒல்லியாக 14 எடுப்பவனையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. எனக்கு எப்போதும் இரண்டாமவன்மேல்தான் கண் போகும்.

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது நம் பழமொழி. இந்த ஆட்டத்தில் அது பாதிதான் பலிக்கும். மெக்காலம் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு சேர்ந்தபோது 5 அடி 2 அங்குலம். ஆன்டனி டேவிஸ் சிகாகோவில் ஒரு சின்னப் பள்ளியில் சாதாரண உயரத்தில், பந்தைக் கொண்டுபோகும் கார்டாக ஆடியவர், திடீரென்று எட்டு அங்குலம் வளர்ந்தார். கார்டின் பந்துக் கட்டுப்பாடு அப்படியே இருக்க உடம்பு மட்டும் கூடைக்கடியில் ஆடும் சென்டருடையதாக ஆகிவிட்டது. 2012 டிராஃப்டில் முதல் பெயர் அவருடையது. ஸ்காட்டி பிப்பன் பள்ளியை முடித்தபோது 6 அடி 1. சென்ட்ரல் ஆர்கன்சா கல்லூரியில் முதலில் அணியின் சாமான்களைப் பார்த்துக்கொள்ளும் மேனேஜர் வேலை. பிறகு 6 அடி 8. அதற்காக எல்லாப் பையன்களும் எட்டு அங்குலம் வளர்வார்கள் என்று கணக்குப் போட முடியாது. அப்பா, அம்மா, மாமாக்களின் உயரத்தைப் பாருங்கள், கடந்த ஒரு வருடத்தில் ஷூ சைஸ் எத்தனை முறை மாறியது என்று அம்மாவைக் கேளுங்கள். வளர்ச்சி நின்றுவிட்டதா என்பது ஓரளவு பிடிபடும்.

புள்ளிக் கணக்கில் ஏமாறாதீர்கள்

ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. பலவீனமான லீகில், சுமாரான அணியில், எல்லாப் பந்தும் இவன் கைக்கே வந்தால் 24 புள்ளி வரத்தான் செய்யும்.

ஒரு கற்பனை உதாரணம். முதல் பையன் 22 முறை கூடைக்கு எறிந்து, 6 ஃப்ரீ த்ரோவும் (எதிரணியின் ஃபவுலுக்காகக் கிடைக்கும் தடையில்லாத எறிதல்) எறிந்து 24 புள்ளி எடுக்கிறான். இரண்டாமவன் 9 முறை எறிந்து, 5 ஃப்ரீ த்ரோவும் எறிந்து 15 எடுக்கிறான். கோச்சுகள் இதற்கு ஒரு எளிய சூத்திரம் வைத்திருக்கிறார்கள். ஃப்ரீ த்ரோ எண்ணிக்கையை 0.44ஆல் பெருக்கி, எறிந்த எண்ணிக்கையோடு கூட்டி, அதை இரண்டால் பெருக்கி, வந்த எண்ணால் புள்ளிகளை வகுக்க வேண்டும். முதல் பையனுக்கு 49 சதவீதம்கூட வராது, இரண்டாமவனுக்கு 67. ஊர் முதல்வனைக் கொண்டாடும். நான் இரண்டாமவனின் அடுத்த ஆட்டம் எப்போது என்று விசாரிப்பேன்.

அப்புறம் ஃப்ரீ த்ரோ சதவீதம். பள்ளியிலும் கல்லூரியிலும் என்.பி.ஏ.விலும் அதே 15 அடி, எதிரில் யாரும் இல்லை. பையனின் கை உண்மையில் எப்படி என்று சொல்வது அதுதான். தூரக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறியும் த்ரீ பாயிண்டரில் 40 சதவீதம், ஃப்ரீ த்ரோவில் 58 சதவீதம் என்றால் அந்த 40ஐ நான் நம்ப மாட்டேன், 30 எறிதல்களில் வந்த அதிர்ஷ்டமாக இருக்கலாம். மாறாக, ஃப்ரீ த்ரோ 85, த்ரீ பாயிண்டர் 31 என்றால் அந்த 31 ஏறும் என்று எதிர்பார்க்கலாம். தூரமும் மாறுகிறது. பள்ளிக் கோடு 19 அடி 9 அங்குலம், ஆண்கள் கல்லூரிக் கோடு 22 அடி 1¾ அங்குலம். பயிற்சியின்போது தரையில் அந்தத் தூரத்தில் ஒரு டேப் ஒட்டிவிட்டு எறியச் சொல்லிப் பாருங்கள். சிலருடைய அழகான ஷாட் அங்கே வந்ததும் தோளைக் குலுக்கிக்கொண்டு தள்ளுவதாக மாறிவிடும்.

ரீபவுண்ட், ஸ்டீல், பிளாக் மூன்றையும் கூட்டிப் பாருங்கள். உடம்பின் வேகமும் கையின் நீளமும் இந்த எண்களில்தான் தெரியும். பந்தைத் தூக்கிப் போகும் கார்டு என்றால் அசிஸ்ட் (புள்ளியாக மாறும் பாஸ்) எத்தனை, டர்ன்ஓவர் (பந்தை எதிரணியிடம் இழப்பது) எத்தனை என்று பாருங்கள். பள்ளி ஆட்டம் 32 நிமிடம், கல்லூரியில் 40. கல்லூரியில் 30 விநாடி ஷாட் கிளாக் ஓடும், அதற்குள் எறிந்தாக வேண்டும், பல மாநிலங்களில் பள்ளிகளுக்கு அது இல்லவே இல்லை. அவசரத்தில் முடிவெடுத்துப் பழகாத பையன் அங்கே போய்த் திணறுவான். உங்கள் மாநிலத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நேரில் போய் உட்காருங்கள்

மேலே சொன்னதெல்லாம் வீட்டிலிருந்தே செய்யலாம். இதற்கு மட்டும் ஜிம்முக்குப் போயே ஆக வேண்டும். குறைந்தது மூன்று ஆட்டம். அதில் ஒன்று அவனைவிட உயரமான, வேகமான அணிக்கு எதிராக இருக்கட்டும். 40 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்த ஆட்டத்தில் நீங்கள் தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை.

அரை மணி நேரம் முன்னதாகப் போங்கள். வார்ம் அப்பில் டங்க் அடித்து விளையாடுகிறானா, ஆட்டத்தில் எறியப்போகும் இடங்களிலிருந்து எறிந்து பார்க்கிறானா? பெற்றோர் கூட்டத்தில் உட்காராதீர்கள், காது கெட்டுவிடும். எதிர்ப்பக்க மூலையில், அவனுடைய அணியின் பெஞ்சு தெரியும்படி ஓர் இடம் பிடியுங்கள்.

முதல் கால் பகுதி முழுக்கப் பந்தைப் பார்க்காமல் அவனை மட்டும் பாருங்கள். சொல்வது சுலபம், செய்வது கஷ்டம், கண் தானாகப் பந்தின் பின்னால் ஓடும். நானே ஒரு ஒல்லிப் பையனை இப்படித்தான் தவறவிட்டேன். எட்டுப் புள்ளிதான் எடுத்தான், வீட்டுக்கு வந்ததும் மறந்துவிட்டேன். வேறொரு பையனுக்காக அதே ஆட்டத்தின் வீடியோவை மறுபடி ஓட்டியபோதுதான் தெரிந்தது: எதிரணியின் பெரிய ஸ்டார் அன்று முழுக்க ஒடுங்கிப் போனதற்குக் காரணமே இந்த ஒல்லிதான்.

பந்து கையில் இல்லாதபோது நிற்கிறானா, நகர்கிறானா? கல்லூரியில் அவன் முதல் ஆளாக இருக்கப்போவதில்லை, நான்காவது ஐந்தாவது ஆளாகத்தான் தொடங்குவான். பந்து இல்லாமலும் பயன்படுகிறவனுக்குத்தான் அங்கே நிமிடங்கள் கிடைக்கும். டிஃபென்ஸில் கோச் யாரைக் காக்கச் சொல்கிறார்? எதிரணியின் சிறந்த ஆட்டக்காரனையா, அல்லது ஃபவுல் ஆகிவிடக் கூடாதே என்று ஒரு மூலையில் ஒளித்து வைக்கிறாரா? எதிராளி வலப்பக்கம் இடப்பக்கம் மாறும்போது கால் நகர்கிறதா, கை மட்டும் நீளுகிறதா? கால் நகராதவனைக் கல்லூரியில் ஒரே வாரத்தில் கண்டுபிடித்து, ஒவ்வொரு முறையும் அவனைத்தான் தாக்குவார்கள்.

பந்து வரும்போது, பிடிப்பதற்கும் எறிவதற்கும் இடையில் எவ்வளவு நேரம்? பந்தைக் கீழே இடுப்புக்கு இறக்கி மறுபடி ஏற்றுகிறானா? பள்ளியில் அதற்கு நேரம் கிடைக்கும், மேலே கிடைக்காது. இது திருத்தக்கூடிய குறைதான். பின்னாளில் தூர எறிதலுக்குப் பேர்போன என்.பி.ஏ. நட்சத்திரமான ஸ்டீபன் கரி பள்ளியில் இடுப்பருகிலிருந்துதான் எறிந்துகொண்டிருந்தார். தலைக்கு மேலிருந்து எறியுமாறு அப்பா ஒரு கோடை முழுக்க உட்கார்ந்து மாற்றினார். அந்தக் கோடையில் எறியவே பிடிக்கவில்லை என்று கரி பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஆகவே குறையைக் கண்டதும் பையனைக் கழித்துவிடாமல், இது கைப்பழக்கமா உடம்பின் எல்லையா என்று பிரித்துப் பாருங்கள்.

சரி, கரியின் பெயர் வந்துவிட்டது. இந்தப் பாடத்துக்கு அவரைவிட நல்ல உதாரணம் கிடையாது. வட கரோலினாவில் சார்லட் கிறிஸ்டியன் பள்ளி. அப்பா டெல் கரி என்.பி.ஏ. ஆட்டக்காரர். அப்படி இருந்தும், அப்பா படித்த வர்ஜீனியா டெக் ஸ்காலர்ஷிப் தரவில்லை, வேண்டுமானால் வாக் ஆன் ஆக வரலாம் என்றது. வாக் ஆன் என்றால் ஸ்காலர்ஷிப் இல்லாமல் அணியில் சேர்வது. ஆள் குட்டை, ஒல்லி, அவ்வளவுதான் காரணம். டேவிட்சன் என்ற சின்னக் கல்லூரியின் கோச் பாப் மெக்கிலப் அவரை லாஸ் வேகஸில் ஒரு கோடைக்கால ஆட்டத்தில் பார்த்தார். கரி அன்று படுமோசம். பந்தைத் தொலைத்தார், ஷாட் விழவில்லை. மெக்கிலப் கவனித்தது வேறு. பையன் ரெஃப்ரியைக் குறை சொல்லவில்லை, சக ஆட்டக்காரனை முறைக்கவில்லை, பெஞ்சுக்கு வந்த பிறகும் மற்றவர்களுக்குக் கைதட்டினான். கல்லூரியில் முதல் ஆட்டத்தில் கரி 13 டர்ன்ஓவர் செய்தார். அடுத்த ஆட்டத்தில் மிஷிகனுக்கு எதிராக 32 புள்ளி. 2008 என்.சி.ஏ.ஏ. போட்டித்தொடரில் கொன்சாகா, ஜார்ஜ்டவுன், விஸ்கான்சின் மூன்று கல்லூரிகளையும் வீழ்த்திவிட்டு, கான்சஸிடம் இரண்டே புள்ளியில் தோற்றது டேவிட்சன்.

அதனால் நான் எப்போதும் ஒரு மோசமான நாளைப் பார்க்கும்வரை முடிவு சொல்வதில்லை. ஷாட் விழாத நாளில் ரீபவுண்டுக்கு ஓடுகிறானா? வெளியே எடுத்ததும் துண்டைத் தலைமேல் போட்டுக்கொண்டு கடைசி நாற்காலிக்குப் போகிறானா, கோச் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறானா? மேலே பெஞ்சைப் பார்க்கும்படி உட்காரச் சொன்னது இதற்குத்தான்.

வீடியோ கேட்டால் ஹைலைட் அனுப்புவார்கள். பாட்டுப் போட்டு வெட்டி ஒட்டிய மூன்று நிமிடத்தில் யாரும் நன்றாகத்தான் ஆடுவார்கள். ஹட்ல் என்ற வீடியோ தளத்தில் இருக்கும் முழு ஆட்டத்தைக் கேளுங்கள், தோற்ற ஆட்டமாக இருந்தால் இன்னும் நல்லது.

மார்க் ஷீட்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஆனால் இதில் கோட்டைவிட்டால் மேலே சொன்ன எதுவும் பயன்படாது. டிவிஷன் 1க்கு 16 அடிப்படைப் பாடங்கள் முடித்திருக்க வேண்டும், அவற்றில் மார்க் சராசரி (ஜி.பி.ஏ.) நான்குக்கு 2.3. அதில் 10 பாடங்கள் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும் முன்பே முடிந்திருக்க வேண்டும், அந்தப் பத்தில் ஏழு ஆங்கிலம், கணிதம், அறிவியல். டிவிஷன் 2க்குச் சராசரி 2.2. எஸ்.ஏ.டி., ஏ.சி.டி. நுழைவுத் தேர்வு மதிப்பெண் என்.சி.ஏ.ஏ.வுக்கு இப்போது தேவையில்லை, கல்லூரி கேட்டால் தனி விஷயம். பள்ளி எடுக்கும் எல்லாப் பாடமும் இந்தக் கணக்கில் சேராது. என்.சி.ஏ.ஏ. தகுதி மையத்தின் தளத்தில் பள்ளியின் பெயரைப் போட்டு ஒவ்வொரு பாடத்தையும் சரிபாருங்கள்.

நல்ல மார்க் இருக்கும் பையனுக்கு ஐவி, பேட்ரியட் லீக், நல்ல டிவிஷன் 3 கல்லூரிகள் என்று கதவுகள் கூடும். அதே ஆட்டத்தோடு 2.4 வைத்திருப்பவனுக்கு அவை மூடியிருக்கும்.

சந்தை மாறிவிட்டது

பத்து வருடத்துக்கு முந்தைய அறிவுரையை இன்றைக்குச் சொன்னால் பையன் ஏமாந்து போவான். 2018இல், கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயர் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தது. 2021இல் மாணவர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்க அனுமதி வந்தது, அதே வருடம் ஒருமுறை கல்லூரி மாறினால் ஒரு வருடம் சும்மா உட்கார வேண்டியதில்லை என்றும் ஆனது. 2024இல் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்றாகிவிட்டது. 2025இல் நீதிமன்ற உடன்பாட்டுக்குப் பிறகு கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம், அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு அணியில் 15 பேர்தான் வரம்பு.

ஒரு கோச்சின் இடத்தில் நின்று யோசியுங்கள். கையில் ஓர் இடம் இருக்கிறது. 18 வயது ஒல்லிப் பையனை எடுத்து இரண்டு வருடம் சோறு போட்டு வளர்க்கலாம், வளர்ந்ததும் அவன் பெரிய கல்லூரிக்குப் போய்விடலாம். அல்லது ஏற்கெனவே கல்லூரியில் மூன்று வருடம் ஆடிய 22 வயதுக்காரனை இன்றைக்கே கொண்டுவரலாம். பலரும் இரண்டாவதைத்தான் செய்கிறார்கள். அதனால் பள்ளிப் பையன்கள் எல்லோரும் ஒரு படி கீழே தள்ளப்படுகிறார்கள். முன்பு கடைசித் தட்டு டிவிஷன் 1க்குப் போயிருக்க வேண்டியவன் இன்று டிவிஷன் 2இல் இடம் தேடுகிறான். உங்கள் மதிப்பீட்டில் இந்த ஒரு படியைக் கழித்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு நல்லதும் உண்டு. கீழிருந்து மேலே போகும் பாதையும் அகலமாகிவிட்டது. அந்தப் பாதை முன்பே இருந்ததுதான். டெரிக் வைட் கொலராடோவில் ஒரு டிவிஷன் 2 கல்லூரியில் தொடங்கி, பிறகு கொலராடோ பல்கலைக்கழகம் போய், 2017இல் முதல் சுற்றிலேயே என்.பி.ஏ.வுக்குப் போனார். டங்கன் ராபின்சன் வில்லியம்ஸ் என்ற டிவிஷன் 3 கல்லூரியில் ஆடிவிட்டு மிஷிகனுக்கு மாறினார். இன்று ஒரு வருடம் நிறைய நிமிடங்கள் ஆடி எண்களைக் காட்டினால் மேலே இருப்பவர்கள் தேடி வருவார்கள். எனவே பெரிய பெயருள்ள இடத்தில் பெஞ்சில் உட்காருவதைவிட, சின்ன இடத்தில் ஆட்டம் கிடைப்பது மேல் என்பது என் கட்சி. வீட்டில் அம்மாக்கள் பலர் இதை ஒப்புக்கொள்வதில்லை, டிஷர்ட்டில் போட்டுக்கொள்ளும் பெயர் முக்கியமாம்.

உடம்பு இன்னும் வளர்கிறது, மார்க்கும் கொஞ்சம் ஏற வேண்டும் என்றால் கல்லூரிக்குத் தயார்செய்யும் பிரெப் பள்ளியில் கூடுதலாக ஒரு வருடம் படிப்பதும் ஒரு வழி. செலவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோச்சுகளின் பேச்சை மொழிபெயர்ப்பது

"உங்களைத் தொடர்ந்து கவனிக்கிறோம்", "எங்கள் முகாமுக்கு வாருங்கள்", அச்சடித்த கேள்வித்தாள். இவற்றில் எதுவும் அழைப்பு இல்லை. முகாம் கடிதம் பல நேரம் கட்டணம் வசூலிக்கத்தான். பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் 15 முதல் டிவிஷன் 1 கோச்சுகள் பையனை நேரடியாக அழைக்கலாம், செய்தி அனுப்பலாம். அந்தத் தேதிக்குப் பிறகும் போன் அமைதியாக இருந்தால் அதுவும் ஒரு தகவல்தான். மார்க் ஷீட்டைக் கேட்டார்களா? தலைமை கோச்சே வந்து உட்கார்ந்தாரா? கல்லூரிச் செலவில் பையனை வரச் சொன்னார்களா? இந்த மூன்றுக்கும் ஆமாம் என்றால்தான் ஆர்வம் உண்மை. ஸ்காலர்ஷிப் என்று சொன்னால், "இன்றைக்கே சரி என்று சொன்னால் ஏற்றுக்கொள்வீர்களா?" என்று நேராகக் கேட்கச் சொல்லுங்கள். சில கோச்சுகள் அங்கே மென்று விழுங்குவார்கள்.

பையன் எஃப் 1 என்ற மாணவர் விசாவில் இருந்தால் ஸ்காலர்ஷிப் வாங்குவதில் சிக்கல் இல்லை, ஆனால் பெயரை வைத்துச் சம்பாதிப்பது விசா விதியோடு மோதும். கையெழுத்துப் போடும் முன் கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திலும் ஒரு குடிவரவு வழக்கறிஞரிடமும் கேட்டுவிடுங்கள்.

கடைசி வேலை: ஒரு பக்கம் எழுதுங்கள்

அளந்த உயரம், கைநீளம், பிறந்த தேதி, மார்க், நீங்கள் பார்த்த மூன்று ஆட்டம். அதன் கீழே ஒரே ஒரு வரி: கல்லூரியில் முதல் நாளே இவன் உருப்படியாகச் செய்யக்கூடியது என்ன? "நன்றாக ஆடுவான்" என்று எழுதினால் அழித்துவிடுங்கள். "மூலையில் நின்று விரைவாக எறிவான், இரண்டு இடங்களைக் காப்பான்" என்றால் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வரி எழுத வரவில்லை என்றால் இன்னும் இரண்டு ஆட்டம் பார்க்க வேண்டும். எழுதியதைப் பையனின் அப்பாவிடம் காட்டும் முன் பள்ளி கோச்சிடம் காட்டுங்கள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு.

பிறகு இருபது கல்லூரிகளைத் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலானவை நீங்கள் கணித்த படிநிலையில், மூன்று நான்கு அதற்கு மேலே, ஐந்தாறு கீழே. ஒவ்வொன்றின் அணிப் பட்டியலையும் திறந்து, இவன் ஆடும் இடத்தில் எத்தனை பேர் இந்த வருடம் படிப்பை முடிக்கிறார்கள், அவர்கள் உயரம் என்ன, போன இரண்டு வருடத்தில் பள்ளியிலிருந்து நேராக எத்தனை பேரை எடுத்தார்கள் என்று பாருங்கள். பள்ளிப் பையனையே எடுக்காத அணிக்கு எழுதி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

மின்னஞ்சலைத் தலைமை கோச்சுக்கு அனுப்பாதீர்கள், ஆள் எடுப்பதைப் பார்த்துக்கொள்ளும் துணை கோச்சுக்கு அனுப்புங்கள். பையன் தன் கையாலேயே எழுதட்டும், அப்பா எழுதியது முதல் வரியிலேயே தெரிந்துவிடும். ஐந்தாறு வரி, ஒரு முழு ஆட்டத்தின் இணைப்பு, மார்க் சராசரி, பள்ளி கோச்சின் தொலைபேசி எண், அடுத்த ஆட்டங்களின் தேதியும் இடமும். ஜெர்சி எண்ணையும் நிறத்தையும் மறக்காமல் எழுதச் சொல்லுங்கள். நான் உதவிய முதல் பையன் அதை எழுதவில்லை. இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டி வந்த துணை கோச், முதல் பாதி முழுக்க வேறு யாரையோ பார்த்துக்கொண்டிருந்தார்.